முதியோரின் பகலுக்கு யார் பணம் கொடுப்பது?



முதியோரைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்தால், அவர் பாசத்தைப் பற்றிப் பேசுவார், இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கொஞ்சம் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்து வருவது வழக்கம். நான் இன்று பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள், மாலை ஆறுக்கோ ஏழுக்கோ திரும்புகிறார்கள். இடைப்பட்ட அந்தப் பகல் முழுக்கத் தனியாக இருக்க முடியாத ஒரு முதியவரை யார் பார்த்துக்கொள்வது, அதற்கான செலவை யார் ஏற்பது? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியாருக்கு மறதி நோய். காலையில் இந்தப் பெண் என்னென்ன செய்கிறாள் என்று கூடவே இருந்து பார்த்தேன். மாமியாரைக் குளிக்கவைத்து, இட்லி ஊட்டி, மாத்திரை கொடுக்கிறாள். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர், தட்டு போட்டு மூடிய தயிர்சாதம். அரிவாள்மனை பரண்மேல் ஏறுகிறது. கடைசியில் வெளிக்கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறாள். "பூட்டாமப் போனா ரோட்டுக்குப் போயிர்றாங்க சார், ஒருதடவ பல்லடம் ரோடு வரைக்கும் போயிட்டாங்க" என்றாள். அவள் கொடுமைக்காரி இல்லை. அன்று காலை அந்த வீட்டில் நான் பார்த்த பொறுமையை வேறெங்கும் பார்த்ததில்லை. அவளுக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான். அவள் வேலையை விட்டால் வாடகை கொடுக்க முடியாது.

இந்த வீட்டுக்கு முதியோர் இல்லம் தேவையில்லை. மாமியாரை அனுப்பிவிட அவளுக்கு மனமும் இல்லை. அவளுக்கு வேண்டியது காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டிவர ஓர் இடம். அந்த இடத்தைத்தான் பகல்நேரப் பராமரிப்பு மையம் என்கிறோம், பேச்சுவழக்கில் டே கேர். உலகின் பல நாடுகளில் இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரின் கௌலி ரோடு மருத்துவமனையில் 1958இலேயே முதியோருக்கென்று ஒரு பகல் மருத்துவமனையைக் கட்டினார்கள். நம் நாட்டிலும் இது புதிதல்ல. 1992இல் ஒன்றிய அரசு தொடங்கிய முதியோர் திட்டத்தில், தொண்டு நிறுவனங்கள் பகல் மையம் நடத்த மானியம் இருந்தது. 1999இன் தேசிய முதியோர் கொள்கையிலும் பகல் பராமரிப்பு பேசப்பட்டிருக்கிறது. ஆக, யோசனைக்குப் பஞ்சமில்லை. கொள்கை வந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகும் உங்கள் தெருவிலோ என் தெருவிலோ அப்படி ஒரு மையம் ஏன் இல்லை?

காரணத்தைத் தேடிக் கணக்குப் புத்தகத்துக்குள் போவோம். நடுத்தர ஊர் ஒன்றில் முப்பது முதியோருக்கு ஒரு மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட மையங்களை நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து பேசி நான் போட்ட உத்தேசக் கணக்கு இது. செவிலியர் ஒருவருக்கு 18,000 ரூபாய். பராமரிப்பாளர் ஐந்து பேருக்குத் தலைக்கு 12,000 என்றால் 60,000. சமையல்காரம்மாவுக்கு 12,000, வேன் டிரைவருக்கு 15,000, வாரம் இரண்டு நாள் வந்துபோகும் பிசியோதெரபிஸ்டுக்கு 12,000. சம்பளம் மட்டும் 1,17,000 ஆகிவிட்டது. வாடகை 30,000. வேனுக்குத் தவணையும் டீசலும் சேர்த்து 30,000. காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலை சுண்டல், டீ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 ரூபாய் என்றால், 26 நாளுக்கு 54,600. கரண்ட் பில், டயபர், பினாயில், போன், சில்லறைச் செலவு 15,000. மொத்தம் மாதம் 2,46,600 ரூபாய். ஒரு முதியவருக்கு 8,220.

இதோடு முடியவில்லை. முப்பது பேரும் தினமும் வருவதில்லை. ஐப்பசி மழையில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பார், இன்னொருவரை மகள் பேறுகாலத்துக்கு ஊருக்குக் கூட்டிப்போயிருப்பாள். சராசரியாக 24 பேர் வந்தால் மிச்சமாவது ஆறு பேரின் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான். சம்பளமும் வாடகையும் வேன் தவணையும் அப்படியே நிற்கும். இப்போது ஒருவருக்கு 9,820 ரூபாய் ஆகிறது.

இந்தத் தொகைக்கு எதிரே நம் ஓய்வூதியத்தை வைத்துப் பாருங்கள். ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்கு உட்பட்டவருக்கு மத்தியப் பங்கு 200 ரூபாய். 2007இல் இருந்த தொகை, இன்றும் அதே தொகை. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து மாதம் 1,000 கொடுத்துவந்து 2023இல் அதை 1,200 ஆக்கியது. முழு ஓய்வூதியத்தையும் மையத்தில் கட்டினாலும் நாலு நாள் கட்டணம்கூடத் தேறாது. பனியன் கம்பெனிப் பெண்ணின் சம்பளத்தில் பாதிக்கு மேல் இந்தக் கட்டணத்துக்கே போய்விடும். எனவே குடும்பத்தின் கையிலிருந்து மட்டும் இந்த மையங்கள் ஓடாது. வசதியுள்ளவர்களுக்காகச் சென்னையிலும் கோவையிலும் தனியார் மையங்கள் இருக்கின்றன, நன்றாகவும் நடக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குக் குறையொன்றுமில்லை. என் கவலை மற்றவர்களைப் பற்றியது.

சரி, அரசிடமும் சட்டத்திலும் பணத்துக்கு என்ன வழி இருக்கிறது? 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆதரவற்றோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றேனும் முதியோர் இல்லம் அமைக்கலாம் என்கிறது, குறைந்தது 150 பேர் தங்கும்படி. பகல் மையம் பற்றி அந்தச் சட்டத்தில் ஏற்பாடு இல்லை. அதைச் சேர்ப்பதற்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. பிறகு 17ஆவது மக்களவையின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியாகிவிட்டது.

காப்பீட்டுக்கு வருவோம். 2024 அக்டோபரிலிருந்து 70 வயது கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பு. நல்ல திட்டம், அதை வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் எப்போது வெளியே வருகிறது என்று பாருங்கள். பாட்டி தனியாக இருந்து குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அறுவை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் பணம் உண்டு. அவர் விழாமல் இருக்கக் கூட ஓர் ஆள் இருப்பதற்கும், கால் தசை வலுவாக இருக்க வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுப்பதற்கும் ஒரு ரூபாய் கிடையாது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பீர்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், ஏழாவது அட்டவணையில் முதியோர் இல்லம், பகல் பராமரிப்பு மையம் இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்த வகையில் கதவு திறந்துதான் இருக்கிறது. நடைமுறையில் நான் பார்த்தது என்னவென்றால், கம்பெனிகள் கட்டில், வீல்சேர், குடிநீர் இயந்திரம், சில சமயம் ஒரு வேன்கூடக் கொடுக்கின்றன. பெயர் எழுதிய பலகை வைக்கலாம், படம் எடுக்கலாம். ஆயாவின் சம்பளத்துக்குப் பலகை வைக்க முடியாது. மேலும் ஒரு திட்டத்துக்கு மூன்று நான்கு ஆண்டு என்று எல்லை வகுத்துத்தான் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த முதியவர்கள் எங்கே போவார்கள்?

ஜிஎஸ்டியிலும் ஒரு சின்ன உதாரணம் இருக்கிறது. அறக்கட்டளைகள் நடத்தும் முதியோர் இல்லங்களுக்கு 2018இல் வரிவிலக்கு வந்தது. 60 வயது கடந்தவரிடம் மாதம் 25,000 வரை கட்டணம் வாங்கினால் வரி இல்லை. நிபந்தனை என்னவென்றால், அவர் அங்கே தங்கியிருப்பவராக இருக்க வேண்டும், கட்டணத்தில் உணவும் தங்குமிடமும் அடங்கியிருக்க வேண்டும். மாலையானால் வீட்டுக்குத் திரும்பும் முதியவரை அந்த வாசகம் எழுதியவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. சட்டம், காப்பீடு, வரி என்று எதைப் புரட்டினாலும் இதே கதைதான். ஒருவர் படுக்கையில் படுத்தால் பணம் வருகிறது. எழுந்து உட்கார்ந்து நாலு பேரோடு பேசி வீடு திரும்பினால் அவருக்கென்று அங்கே ஓர் இடமே இல்லை.

முன்பு சொன்ன ஒன்றிய அரசின் முதியோர் திட்டத்தில் மானியம் கிடைத்தவர்களின் பாட்டையும் சொல்ல வேண்டும். இணையத்தில் விண்ணப்பம், மாவட்ட சமூக நல அலுவலரின் ஆய்வு, மாநிலத்தின் பரிந்துரை, பிறகு டெல்லி. முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது. இடையில் ஏழெட்டு மாதம் ஓடிவிடும். நான் அறிந்த ஒரு மையத்தில், நடத்தும் அம்மா தன் வளையலை அடகு வைத்துப் பொங்கலுக்கு முன் சம்பளம் கொடுத்தார். பராமரிப்பாளர்கள் இரண்டு மாதம் பொறுப்பார்கள், மூன்றாவது மாதம் மருத்துவமனை வேலைக்குப் போய்விடுவார்கள். மறதி நோய் உள்ள ஒருவருக்குப் பழகிய முகம் மாறிப்போவது எவ்வளவு பெரிய அடி என்பது அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சாப்பிட மறுப்பார், அழுவார், வேனில் ஏற மாட்டார். மானியம் தாமதமானால் அதன் வலி கடைசியில் அங்கே போய் இறங்குகிறது.

பணக்கார நாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970களிலிருந்தே முதியோர் பகல் நல மையங்கள் உண்டு. ஏழைகளுக்கான மெடி-கால் மருத்துவ உதவியிலிருந்து அவற்றுக்குப் பணம் வந்தது. ஆனால் அமெரிக்க ஒன்றிய அரசின் விதிப்படி அது மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்ட சலுகை, கட்டாயம் இல்லை. 2008க்குப் பிறகு மாநிலத்தின் கஜானா காலியானது. முதலில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் என்று குறைக்கப் பார்த்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. 2011 மார்ச்சில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டது. அப்போது சுமார் 35,000 பேர் அந்த மையங்களை நம்பியிருந்தார்கள்.

முதியோரின் சார்பில் வழக்குத் தொடுத்தவர்கள் வைத்த வாதம் முக்கியமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் ஓம்ஸ்டெட் வழக்கில், மாற்றுத்திறனாளிகளைத் தேவையில்லாமல் விடுதிகளில் அடைத்துவைப்பதே பாகுபாடு என்று தீர்ப்பளித்திருந்தது. பகல் மையத்தை மூடினால் இவர்கள் வீட்டில் வாழ முடியாமல் நர்சிங் ஹோமுக்குத் தள்ளப்படுவார்கள், ஆகவே இந்த வெட்டு சட்டவிரோதம் என்றார்கள். 2011 நவம்பரில் அரசு சமரசத்துக்கு வந்தது. 2012 ஏப்ரல் முதல் வேறு பெயரில், கடுமையான தகுதி வரம்போடு, திட்டம் தொடர்ந்தது. இழுபறி நடந்த மாதங்களில் பல மையங்கள் கதவடைத்துவிட்டன. வழக்கில் நிற்பதற்கு அந்த முதியோருக்கு ஓர் உரிமை கையில் இருந்தது, அதனால் பாதியாவது காப்பாற்ற முடிந்தது. நம் ஊரில் நாளைக்கே ஒரு மையத்தை மூடினால் எந்தச் சட்டத்தைக் காட்டி யார் கேட்பது?

இப்போது நம் மாநிலத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் அன்புச்சோலை என்ற பெயரில் 25 முதியோர் மையங்கள் அறிவிக்கப்பட்டன, 10 கோடி ரூபாயில். அதே ஆண்டு நவம்பரில் திருச்சியில் தொடக்க விழா நடந்தது. மாநில அரசு தானே முன்வந்து பகல் மையத்துக்கென்று ஒரு பெயரும் ஒரு தொகையும் கொடுத்ததை மனதாரப் பாராட்டுகிறேன். பாராட்டிவிட்டுக் கணக்கும் கேட்க வேண்டும். 10 கோடியை 25ஆல் வகுத்தால் மையத்துக்கு 40 லட்சம். நான் சொன்ன முப்பது பேர் மையத்துக்கே ஆண்டுச் செலவு சுமார் 29 லட்சத்து 60 ஆயிரம். ஆகவே அது ஓராண்டுச் செலவென்றால் போதுமான தொகை. இரண்டாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் அதே தொகை, விலைவாசிக்கு ஏற்ப உயர்ந்து, வர வேண்டும். அதை இன்றைக்கே கேட்டு வாங்காவிட்டால் கேரளத்தில் நடந்தது இங்கேயும் நடக்கும். அங்கே உள்ளாட்சிகள் ஊருக்கு ஊர் பகல் வீடு கட்டின. கட்டுவதற்குத் திட்ட நிதி இருந்தது, நடத்த ஆளுக்குச் சம்பளம் போதவில்லை. பூட்டிக் கிடந்த பகல் வீடுகளைத் தூக்கி நிறுத்தப் பிறகு சாயம்பிரபா என்று தனித் திட்டமே போட வேண்டியிருந்தது.

நமக்குத் தொடர்செலவு செய்யத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது இத்தனை லட்சம் குழந்தைகளுக்கு ஆயுசுக்கும் சோறு போட முடியுமா என்று கேட்காத பொருளாதார நிபுணர் இல்லை. அமைப்பாளருக்கும் சமையலருக்கும் மாதச் சம்பளம், அரிசிக்குத் தொடர் ஒதுக்கீடு என்று பட்ஜெட்டில் அதற்கு நிரந்தர இடம் கொடுத்தார்கள். அதனால்தான் எந்த ஆட்சி வந்தும் அது நிற்கவில்லை. இதில் நாம் மறந்துவிட்ட ஒன்று உண்டு. 1983 ஜனவரி முதல் முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கும் அதே மையங்களில் மதியச் சாப்பாடு போட்டார்கள். என் சிறுவயதில் பள்ளிக்கூடத் திண்ணையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு உடனே போக மாட்டார்கள், வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அரசு அன்று சாப்பாட்டோடு நின்றுவிட்டது. பக்கத்தில் ஓர் அறை, ஒரு கழிப்பறை, ஓர் ஆள் சேர்த்திருந்தால் முதியோர் பகல் மையங்கள் அன்றே நம் கிராமங்களில் வந்திருக்கும். குழந்தைகளுக்கு அங்கன்வாடி என்று இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. மறுபக்கம், 2011 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் 10.4 சதவீதமாக இருந்த அறுபது வயது கடந்தோர், 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டுவார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஐந்தில் ஒருவர் என்ற நிலையை நெருங்குகிறோம்.

கட்டிடமும் சம்பளமும் வந்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். மையத்துக்குத் தானாக நடந்து வரக்கூடியவர்களே முதலில் வந்து நிரம்புவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் வருவார், கேரம் ஆடுவார், பேப்பர் படிப்பார். அவருக்கும் அது தேவைதான், தனிமை சின்ன நோயல்ல. ஆனால் திருப்பூரில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் அந்த அம்மா எப்படி வருவார்? வருகைப் பதிவேட்டில் ஐம்பது பெயர் இருந்தால் அதிகாரிக்குத் திருப்தி. யாருடைய பெயர் இல்லை என்று பார்க்க அந்தப் பதிவேட்டில் இடமில்லை. 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதத்தினருக்கு, நாடு முழுக்க சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இவர்களைப் பார்த்துக்கொள்ள நாலைந்து பேருக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். கேரம் ஆடும் ஆசிரியருக்கும் இவருக்கும் தலைக்கு ஒரே தொகை என்று மானியம் வைத்தால், எந்த மையமும் கடினமானவரைச் சேர்த்துக்கொள்ளாது. சேர்த்தால் நஷ்டம்.

ஜப்பானில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். 2000 ஏப்ரலில் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள், செலவில் பாதியை வரிப்பணம் ஏற்கிறது, பயன்படுத்துகிறவர் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். முதியவரின் தேவையைப் படிப்படியாகத் தரம் பிரித்து, தேவை கூடக்கூட மையத்துக்கு நாள் கட்டணமும் கூடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி வண்டியைப் பற்றியது. வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது கட்டணத்திலேயே அடங்கும். வண்டி அனுப்பாத மையத்துக்கு, ஒவ்வொரு நடைக்கும் இவ்வளவு என்று கழித்துக்கொள்வார்கள். வேன் இல்லாத மையம் நடக்க முடிந்தவர்களுக்கு மட்டுமான மையம் என்பது அந்த விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. மாடிவீட்டிலிருந்து ஒரு முதியவரைப் படி இறக்கி வேனில் ஏற்ற இரண்டு ஆளும் கால் மணி நேரமும் ஆகும். அந்தக் கால் மணிக்கும் சம்பளம் உண்டு என்று ஏற்றுக்கொள்கிற அரசுதான் வீட்டுக்குள் முடங்கியவரை வெளியே கொண்டுவர முடியும்.

ஜப்பானின் காப்பீட்டை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இங்கே பெரும்பாலோர் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள், பிரீமியம் பிடிக்கச் சம்பளச் சீட்டே இல்லை. ஆகவே நமக்கு வரிப்பணம்தான் வழி. சம்பளம், வாடகை, வேன் மூன்றுக்கும் வருகையைப் பார்க்காமல் மாதாமாதம் நிலையான தொகை கொடுக்கட்டும். அதன்மேல் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் தொகை, மறதி நோய் உள்ளவருக்கும் கழிப்பறைக்குத் துணை வேண்டியவருக்கும் இரு மடங்கு. நிலையான தொகை மட்டும் கொடுத்தால் மையம் காலியாகவே ஓடும், தலைக்கணக்கு மட்டும் என்றால் மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். அதனால் இரண்டும் சேர்ந்துதான் வேண்டும். செலவு யாருடையது என்று சமூக நலத் துறையும் மருத்துவத் துறையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் மருத்துவத் துறையின் பட்ஜெட்டில், மற்றவை சமூக நலத்தில் என்று ஓர் அரசாணையில் பிரித்து எழுதிவிடலாம்.

இவ்வளவு பணமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். செலவு இப்போதும் நடக்கிறது, அரசின் ஏட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 134 நிமிடம், ஆண் 76 நிமிடம். பராமரிக்கும் ஆண்களின் எண்ணிக்கையே பெண்களில் பாதிதான். மகளும் மருமகளும் விட்ட வேலை, இழந்த சம்பளம், கிடைக்காமல் போன பி.எஃப். எல்லாம் இந்தச் செலவுதான்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்த விஷயத்தில் நம்மிடம் இல்லாத முதல் பொருள் ஒரு பட்டியல். உங்கள் ஊரில் பகலில் தனியாக விடப்படும் முதியோர் எத்தனை பேர், அவர்களில் நடக்க முடியாதவர், மறதி நோய் உள்ளவர் எத்தனை பேர்? 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை கொண்டுவந்து தரும் பெண்களைக் கேளுங்கள், எந்த வீடு வெளியே பூட்டியிருக்கும், உள்ளே யார் இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நம் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, நகரங்களில் பகுதி சபைகள் இருக்கின்றன. பெயர்களை வெளியிட வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் எழுதி, எங்கள் ஊருக்குப் பகல் மையம் வேண்டும், சம்பளத்துக்கும் வேனுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கீடு வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் நகல் மாவட்ட ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அடுத்த பட்ஜெட் தயாராகும் முன்பே, மார்கழிக்குள், போய்ச் சேர வேண்டும். வாசகம் எழுத உதவி தேவைப்பட்டால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.